பிரெஞ்சு அலமாரியின் கொப்புளங்களும் என் வாயும்

பாலிஷ் டப்பாவைத் திறப்பது எப்படி என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். வாயைத் திறக்காமல் இருப்பது எப்படி என்பதைத்தான் இந்தத் தொழிலில் யாரும் சொல்லித்தருவதில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் என் காதில் விழுந்திருக்காது; அந்த நேரத்தில் நான்தான் பேசிக்கொண்டிருந்திருப்பேன்.

பழைய மரச்சாமான்களைச் சீராக்கும் வேலைக்கு வளைகுடா கிளம்புகிற நீங்கள் சிலர் வீட்டுக்கு வந்து, “அண்ணாச்சி, ஒங்க அனுபவத்த எழுதிக் குடுங்க” என்று கேட்டீர்கள். என் பெருமையைச் சொல்லும் கதைகளும் கைவசம் உண்டு. அவற்றையெல்லாம் கல்யாண வீடுகளில் பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் சொல்லித் தீர்த்துவிட்டேன். மிச்சம் இருப்பது இது.

நான் குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரன். அப்பா வள்ளத்தில் மீன்பிடிக்கப் போனவர். எனக்கோ கரையில் கட்டிக்கிடக்கும் வள்ளத்தில் ஏறி உட்கார்ந்தாலே குமட்டும். “இவன் கரைக்குதான் லாயக்கு” என்று அப்பா என்னை நாகர்கோவிலில் ஒரு ஆசாரியின் பட்டறையில் கொண்டுவிட்டார். அங்கே அரக்கைச் சாராயத்தில் கரைத்து, துணிப்பொட்டலத்தால் மரத்தில் தேய்த்துத் தேய்த்து மினுக்குவதற்குப் பிரெஞ்ச் பாலிஷ் என்று பெயர். தோஹாவுக்கு ஆள் எடுக்க வந்தவர் “பிரெஞ்ச் பாலிஷ் தெரியுமா?” என்று கேட்டார். தெரியும் என்றேன். அந்த ஒரு வார்த்தையை நம்பி, பிரான்சிலிருந்து அந்த ஊருக்கு வந்திறங்கிய பழைய அலமாரி, மேசை எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

எங்கள் பட்டறை தோஹா தொழில்பேட்டையில் இருந்தது. இந்தப் பக்கம் லாரி டயர்க் கடை, அந்தப் பக்கம் மார்பிள் அறுக்கும் இடம். ஒரு தூசு பட்டால் கெட்டுப்போகிற வேலையை ஊர்த்தூசு மொத்தமும் வந்து கூடுகிற இடத்தில் உட்கார்ந்து செய்தோம். மேனேஜர் ஒரு லெபனான்காரர். முதீர் என்றுதான் கூப்பிடுவோம்; அரபியில் மேனேஜர் என்று பொருள். நல்ல மனிதர். வாடிக்கையாளர் முன்னால் மட்டும் அவருக்கு முதுகெலும்பு இருக்காது.

அந்தப் பிரெஞ்சு சாமான்களை முதலில் பார்த்தபோது எனக்கு மூச்சே நின்றுவிட்டது. பலநிற மரங்களைத் தாள் போலச் சீவி, ரோஜாவாக, இலையாக, கொடியாக வெட்டி, கதவு முழுக்க, தோலைக் காய்ச்சி எடுக்கும் வச்சிரப் பசையால் ஒட்டியிருந்தார்கள். ஒரு இதழின் நிழலுக்குக்கூடத் தனித் துண்டு. மூலைகளில் பொன்முலாம் பூசிய வெண்கலப் பூவேலை. வெண்கலம் மங்கிக் கிடப்பதைக் கண்டதும் என் கை தானாகப் புளியைத் தேடியது. நம் வீட்டில் குத்துவிளக்கு மங்கினால் வேறென்ன செய்வோம்? சமையலறையில் புளி வாங்கிவந்து உருட்டிக்கொண்டிருந்தபோது முதீர் பார்த்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தார். சில இடம் பளபளப்பாகவும் சில இடம் மங்கலாகவும் இருக்கும்படி செய்ததே கைவேலையாம். தேய்த்திருந்தால் முலாமும் போயிருக்கும், நானும் ஊருக்குப் போயிருப்பேன்.

அப்படிப்பட்ட நான்தான், கொஞ்ச வருஷம் கழிந்ததும் பெரிய நிபுணனாகிவிட்டேன். ஒட்டுமரத்தை நாம் வெனீர் என்கிறோம் அல்லவா, அது அடியில் விட்டுப்போயிருந்தால் விரல்முட்டியால் தட்டும்போது பொள்ளலாகச் சத்தம் கேட்கும். இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. நான் அதை ஒரு நாடகமாக்கினேன். தட்டுவேன், கண்ணை மூடுவேன், தலையைச் சாய்ப்பேன், பெருமூச்சு விட்டுக் காரணம் சொல்வேன். பணக்கார வீட்டுக்காரர்கள் வாயைப் பிளந்து நிற்பார்கள். பட்டறையில் எனக்கு டாக்டர் என்று பெயர் வைத்திருந்தார்கள். கிண்டலுக்குத்தான் வைத்தார்கள். எனக்கு அது உறைக்கவில்லை, வெட்கம்கெட்டுச் சந்தோஷப்பட்டேன்.

இரண்டாயிரங்களின் கடைசிப் பகுதியில் ஒரு வீட்டுக்கு முதீருடன் போனேன். கணவரை இழந்து ஒரு வருஷம்கூட ஆகாத, வயதான கத்தார் அம்மாள். வேலைக்காரர்கள் பெரிய மேடம் என்பார்கள். கணவர் பாரிஸிலிருந்து வாங்கிவந்த இரட்டைக் கதவு அலமாரி கூடத்தில் நின்றது. வலது கதவின் கீழ்ப்பாதியில் ரோஜாக்கள் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தன. பார்த்ததும் அடப்பாவமே என்று எனக்கே தோன்றியது. அவ்வளவு அழகான வேலை அது.

கதவு பூட்டியிருந்தது. சாவி பெரிய மேடத்தின் மடியில் இருந்தது. முறைப்படி நான் சாவி கேட்டிருக்க வேண்டும். அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்ததும் கேட்கத் தைரியம் வரவில்லை. தைரியம் இல்லாத இடத்தில் எனக்குக் கைகொடுப்பது நாடகம்தான். தட்டினேன், கண்ணை மூடினேன், தலையைச் சாய்த்தேன்.

“மின் ஸவ்வா ஹாதா?” என்று கேட்டார் பெரிய மேடம்.

இதை யார் செய்தது என்று அர்த்தம். என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை, யார் என்று கேட்டார். இந்த வித்தியாசத்தை நீங்கள் கவனித்துக்கொள்ளுங்கள் தம்பிகளா. நான் கவனிக்கவில்லை.

“பானி, மேடம். வெட் கிளாத். எவ்ரி டே” என்றேன். போதாததற்கு, ஈரத்துணியால் துடைப்பது எப்படி என்று காற்றில் துடைத்தும் காட்டினேன். முதீர் அதை அரபியில் என்னைவிட அழகாகச் சொன்னார்.

பெரிய மேடம் தலையைத் திருப்பினார். வாசலில் காப்பித் தட்டோடு வேலைக்காரப் பெண் நின்றிருந்தாள். அவளைப் பார்த்து அரபியில் ஏதோ சொன்னார். குரலை உயர்த்தக்கூட இல்லை. கடைசியில் “ஹலாஸ்” என்றது மட்டும் எனக்குப் புரிந்தது. அதற்கு அர்த்தம் உங்களுக்கே தெரியும், முடிந்தது என்று.

நாங்கள் வெளியே வந்து, முதீர் பிக்கப்பில் ஏறியபோது அந்தப் பெண் கேட்டைச் சாத்துகிற சாக்கில் ஓடிவந்தாள்.

“அண்ணை, நீங்கள் தமிழோ?”

“ஆமா தங்கச்சி.”

“அவவிட்ட என்னண்ணை சொன்னனீங்கள்? வாற கிழமை என்னை ஊருக்கு அனுப்பப் போறாவாம். நான் ஈரத்துணி வைக்கிறேல்லை அண்ணை. காய்ஞ்ச துணியாலதான் துடைக்கிறனான். மாதா அறிய.”

பெயர் மரியறோஸ் என்றாள். மன்னார்ப் பக்கம்.

“அங்க இப்ப சண்டை. அம்மாவும் என்ர பிள்ளையும் முகாமில இருக்கினம். நான் அனுப்புறதிலதான் அவைக்குச் சாப்பாடு. இருந்த வீடும் இல்லை. இவ என்னை எங்க அனுப்பப் போறா, சொல்லுங்கோ பாப்பம்?”

அவ்வளவு நேரம் கண்ணை மூடி வசனம் பேசியவன், “பாப்போம் தங்கச்சி” என்று மட்டும் சொன்னேன். முதீர் ஹாரன் அடித்து “அருள், யல்லா!” என்றார். ஏறிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பூசை முடிந்து என் ஊர்க்காரன் ஸ்டீபன் ரூமுக்கு வந்தான். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்தவன். மீன்குழம்பு வைத்து உட்கார்ந்தோம். எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னடே என்று குடைந்ததில் நடந்ததைச் சொன்னேன். ஆறுதல் சொல்வான் என்று பார்த்தேன்.

“லேய், ஒருத்தன் வயித்து வலின்னு வந்தாம்னா நாங்க மொதல்ல சட்டையத் தூக்கிப் பாப்போம். நீ அந்த பீரோவத் தொறந்து பாத்தியாடே?”

“பூட்டியிருந்திச்சு.”

“சாவி கேட்டியா?”

நான் குழம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“கேக்கல்ல. அப்பம் பின்ன எப்படிடே கண்டுபிடிச்ச?”

“வெளிய தட்டிப் பாத்தேன்.”

“தேங்காயாடே அது, தட்டிப் பாக்கதுக்கு?”

கோபம் வந்தது. ஆனால் அவன் போனபிறகு பாயில் படுத்து யோசித்தபோது, அந்தக் கதவு கண்முன் அப்படியே வந்தது. ஈரம்பட்ட வெனீர் விளிம்பிலிருந்துதான் உரியும். அரக்குப் பாலிஷும் வெளுத்துப் பால்நிறம் தட்டும். அந்தக் கதவில் விளிம்பெல்லாம் கிண்ணென்று ஒட்டியிருந்தது. பாலிஷில் வெளுப்பே இல்லை. கொப்புளம் நடுவில் மட்டும் இருந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயமா? நாகர்கோவில் பட்டறையிலேயே தெரியும். தட்டுகிற மும்முரத்தில் பார்க்க மறந்துவிட்டேன். என் மேலேயே எனக்கு அசிங்கமாக இருந்தது.

அந்த அலமாரி வேலைக்குப் போகவேண்டிய நாள் வந்தது. முதீர் பிக்கப்பை ஓட்டிக்கொண்டே சொன்னார்: “அருள், நோ ஸ்டோரி. குளூ, ஃபினிஷ், கோ.” நான் தலையாட்டினேன்.

வீட்டு நடையில் கயிறு கட்டிய ஒரு பெட்டி இருந்தது. மேலே மார்க்கர் பேனாவால் மரியறோஸின் பெயரும் கொழும்பு என்றும் எழுதியிருந்தது. கால் அதைத் தாண்ட மறுத்தது. அவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“மேடம், சாவி ப்ளீஸ். உள்ள பாக்கணும்” என்று ஹிந்தியும் இங்கிலீஷும் கலந்து கேட்டேன். முதீர் என் செருப்பை மிதித்தார். பெரிய மேடம் ரொம்ப நேரம் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து தானே திறந்தார்.

குப்பென்று அகில் கட்டைப் புகையின் வாசம் வந்தது. மேல்தட்டில் ஆம்பிளையின் வெள்ளை அங்கிகள், தலைத்துணி, பொன்சரிகை போட்ட மேலங்கி, எல்லாம் மடித்து அடுக்கியிருந்தன. நான் கை நீட்டும் முன் அவரே அவற்றை எடுத்து, நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டார். நான் குனிந்து பார்த்தபோது அடிப்பலகை தெரிந்தது. வலது ஓரத்தில், கதவை ஒட்டினாற்போல, கருகிய ஒரு வட்டம். சுற்றிலும் கொஞ்சம் சாம்பல்.

திரும்பி மரியறோஸிடம் கேட்டேன். “தங்கச்சி, இதுக்குள்ள புகை போடுவாங்களா?”

“ஓம் அண்ணை. ஒவ்வொரு வியாழக்கிழமையும் பெரிய மேடம் புகைச்சட்டியை உள்ளுக்கு வைச்சுக் கதவைப் பூட்டுவா. ஐயா செத்த நாள் துவக்கம் இப்பிடித்தான். அந்த உடுப்புகளை என்னைத் தொட விடமாட்டா.”

வச்சிரத்தைச் சூடாக்கினால் இளகும். நாம் ஒட்டுவதே அப்படித்தானே? தணல் நிரம்பிய சட்டியைக் கதவுக்குப் பக்கத்தில் வைத்து வாராவாரம் பூட்டினால் பழைய பசை என்ன செய்யும்? உள்ளே தணல், வெளியே ஏசிக் குளிர். நடுவில் ரோஜாப் பூக்கள் பாவம், எழும்பாமல் என்ன செய்யும்?

முதீரும் அந்த வட்டத்தைப் பார்த்துவிட்டார். அவருக்கும் புரிந்துவிட்டது. குனிந்து பசை டப்பாவை எடுப்பவர்போல என் காதில் சொன்னார்: “ஏசி. சே ஏசி.” பழியை ஏசிமேல் போடச் சொன்னார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அதுதான் மனதில் ஓடியது. ஏசியை யாரும் ஊருக்கு அனுப்ப மாட்டார்கள். மரியறோஸ் தப்பிப்பாள், மேடத்துக்கு மனக்கஷ்டம் இல்லை, என் வேலையும் நிலைக்கும். இவ்வளவு சுலபமான பொய் யாருக்குக் கிடைக்கும்? தொண்டையைச் செருமிக்கொண்டு, “மேடம், ஐ திங்க் ஏசி ப்ராப்ளம். வெட் கிளாத் மாஃபி” என்றேன். ஈரத்துணி இல்லையாம். கண்ணை மட்டும் மூடவில்லை.

பெரிய மேடம் ஹிந்தியில், எனக்குப் புரியவேண்டும் என்பதற்காகவே ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். “இந்த ஏசி இந்த வீடு கட்டின நாளிலிருந்து இருக்கிறது. இந்த அலமாரியும் இருக்கிறது. அன்றைக்கு நீ தண்ணீர் என்றாய். இன்றைக்கு ஏசி என்கிறாய். அவள் உன் பாஷை பேசுகிறாள், அதனால்தானே?”

மரியறோஸ் கையில் இருந்த தட்டோடு பின்னுக்கு நகர்ந்தாள். என் புத்திசாலிப் பொய்யால் அவள் நிலைமை முன்னைவிட மோசமாகிவிட்டது. இப்போது அவள் அலமாரியைக் கெடுத்தவள் மட்டுமல்ல, ஆள் பிடித்துச் சொல்லவைத்தவளும் ஆகிவிட்டாள். முதீர் அண்ணாந்து சரவிளக்கை ஆராய ஆரம்பித்தார். இனி அவரை நம்பிப் பயனில்லை என்று தெரிந்துகொண்டேன்.

முழங்கால் போட்டு உட்கார்ந்து, அந்தக் கருகிய வட்டத்தில் விரலை வைத்தேன். வட்டத்திலிருந்து விரலை நேரே கதவுக்குக் கொண்டுபோய்க் கொப்புளத்தில் வைத்தேன்.

“மேடம், நார்” என்றேன். நெருப்பு.

அவர் துணிகளை மார்போடு பிடித்தபடி மெதுவாக எழுந்து வந்து குனிந்து பார்த்தார். வட்டத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், மறுபடியும் வட்டத்தைப் பார்த்தார். “அப்படியானால் நானா?” என்று கேட்டார்.

என் வாழ்நாளில் ‘ஆமாம்’ என்று சொல்ல அவ்வளவு பயந்ததில்லை. “ஐவா மேடம். யூ டோன்ட் நோ. லேகின் நான் அன்னைக்கு தொறந்து பாக்கல. பாக்காம சொன்னேன். மை மிஸ்டேக்” என்று நாலு பாஷையையும் கலந்து உளறினேன்.

“இதில் ஒட்டியது மட்டமான பசை” என்றார் பெரிய மேடம்.

“யெஸ் மேடம், வெரி ஓல்ட் குளூ, பிரெஞ்ச் குளூ” என்று முதீர் சரவிளக்கிலிருந்து கீழே இறங்கிவந்தார். அவரை யாரும் கவனிக்கவில்லை.

பெரிய மேடம் நாற்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். மடியில் இருந்த துணிகளைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம்தான் கேட்டார், நான்தானே எல்லாம் தெரிந்த டாக்டர்: “உள்ளே புகை வைக்காவிட்டால் அவருடைய வாசம் எப்படித் தங்கும்?”

தேக்கு என்றால் சொல்வேன், ரோஸ்வுட் என்றால் சொல்வேன். இதற்கு என்ன சொல்வது?

“மாலும் நஹீ, மேடம்” என்றேன். தெரியாது.

பிறகு அவர் “ரோஸ்” என்று கூப்பிட்டார். அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். பெரிய மேடம் மடியிலிருந்த துணிகள் அத்தனையையும் தூக்கி அவள் இரண்டு கைகளிலும் வைத்தார். வெளியே கம்பு நிறுத்தி அதன்மேல் போட்டுப் புகை காட்டும்படி சொன்னார். அவள் அவற்றைச் சுமந்துகொண்டு கதவைத் தாண்டப் போகும்போது பின்னாலிருந்து சத்தம் போட்டார்: “நடையில் அந்தப் பெட்டி ஏன் கிடக்கிறது? ஆள் நடக்க வேண்டாமா? எடுத்து உள்ளே போடு!”

மன்னிப்பு என்றெல்லாம் யாரும் எதிர்பார்க்காதீர்கள். அந்த அதட்டலைக் கேட்டதும் மரியறோஸ் துணிக்குவியலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றாள். அழுதாளா சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. நான் மூக்கைச் சிந்திக்கொண்டு பசை டப்பாவைத் திறந்தேன்.

கதவைச் சீராக்கியதைப் பற்றி எழுதவேண்டியதில்லை. அதை உங்கள் மேஸ்திரி என்னைவிட நன்றாகச் சொல்லித்தருவார். ரோஜாக்கள் படிந்து உட்கார்ந்தன. ஒரு இதழ் மட்டும் கொஞ்சம் பிடிவாதம் பிடித்தது. கடைசிவரை பெரிய மேடம் நாற்காலியை விட்டு எழவே இல்லை. நானும் வாயே திறக்கவில்லை. எனக்குக் காய்ச்சலா என்று முதீர் இரண்டு தடவை கேட்டார்.

வேலை முடிந்து வெளியே வந்தபோது மரியறோஸ் கேட்வரை வந்தாள். நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன். ‘பரவாயில்ல தங்கச்சி, என் கடமைதானே’ என்று சொல்ல வசனம்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

“அண்ணை, ஒண்டு கேக்கட்டோ?”

“கேளு தங்கச்சி.”

“தெரியாதெண்டு இண்டைக்குச் சொன்னனீங்கள்தானே, அதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே? இத்தனை நாளும் நான் நித்திரை கொள்ளேல்லை.”

பதிலுக்குக் காத்திருக்காமல் கேட்டைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள். நான் பிக்கப்பில் ஏறினேன். அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று முதீர் கேட்டார்.

“தேங்க்ஸ் சொன்னா” என்றேன்.